திருவழிபாட்டுக் காலத்தோடு இயைந்த வாசகச் சிந்தனை எழுதும் முறை

மலைமீது ஆண்டவர் இயேசு ஒளிமயமாகத் தோற்றம் மாறிய நிகழ்ச்சி ஒவ்வோர் ஆண்டும் இருமுறையேனும் திருப்பலியில் நற்செய்தியாக அறிவிக்கப்படுகிறது: தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்றும், ஆகஸ்ட் 6 அன்று வரும் தோற்றமாற்ற விழாவிலும். மூன்று ஆண்டு வாசகச் சுழற்சியின் முதலாம் ஆண்டில் இவ்விரு நாள்களுக்கும் உரிய பகுதி மத்தேயு 17:1-9 தான். ஆயினும் தவக்காலத்தில் அதற்கு முன்னால் நிற்பது தொடக்க நூல் 12ஆம் அதிகாரம். அங்கே ஆபிராம் தன் நாட்டையும் தந்தை வீட்டையும் விட்டுப் புறப்படுகிறார். ஆகஸ்ட் விழாவில் அதே இடத்தில் தானியேல் 7ஆம் அதிகாரம் நிற்கிறது. அரியணைகள் அமைக்கப்படுகின்றன, மானிட மகனைப் போன்ற ஒருவர் மேகங்களின்மீது வருகிறார். முதல் நாளில் மலையின் ஒளி, சிலுவையை நோக்கிப் பயணம் செய்பவர்களுக்குத் தரப்படும் உறுதியாகிறது. இரண்டாம் நாளில் அதே ஒளி கிறிஸ்துவின் நிலையான மாட்சியை வணங்க அழைக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் ஒரே சிந்தனையை இரு நாள்களுக்கும் எழுதுபவர் நற்செய்தியை வாசித்திருக்கிறார். ஆனால் திருச்சபை அதை எந்த இடத்தில் வைத்து வாசிக்கிறது என்பதைக் கேட்கத் தவறிவிடுகிறார். வாசகம் நிற்கும் இடத்தைக் கேட்டு எழுதுவது எப்படி என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

தொடங்குமுன் ஒரு தெளிவு தேவை. திருப்பலியில் ஆற்றப்படும் மறையுரை அருள்பணியாளருக்கோ திருத்தொண்டருக்கோ உரியது என்று திருச்சபைச் சட்டம் 767 கூறுகிறது. இங்கே நாம் பேசுவது, பங்கு மடலுக்காகவோ, செபக்குழுவுக்காகவோ, குடும்ப செபத்துக்காகவோ, தம் சொந்த ஆன்ம வாழ்வுக்காகவோ எவரும் எழுதக்கூடிய சிந்தனையைப் பற்றி. மறையுரை ஆற்றுவோருக்கும் இதில் சில பயன்படலாம்.

வாசக ஒழுங்கை அறிந்துகொள்ளுதல்

விவிலியத்தின் கருவூலம் இறைமக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறக்கப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963இல் திருவழிபாடு பற்றிய ஏட்டில் கேட்டுக்கொண்டது. அதன் விளைவாக 1969இல் வெளிவந்த வாசக ஒழுங்கே, 1981இன் இரண்டாம் பதிப்போடு, இன்றும் நம் கையில் உள்ளது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. முதலாம் ஆண்டுக்கு மத்தேயு, இரண்டாம் ஆண்டுக்கு மாற்கு, மூன்றாம் ஆண்டுக்கு லூக்கா; இவற்றை ஏ, பி, சி ஆண்டுகள் என்றும் குறிப்பிடுவர். ஆண்டு எண்ணை மூன்றால் வகுக்கும்போது மீதி இல்லையெனில் அது மூன்றாம் ஆண்டு, மீதி ஒன்றெனில் முதலாம் ஆண்டு, இரண்டெனில் இரண்டாம் ஆண்டு. இக்கணக்கில் 2025 மூன்றாம் ஆண்டு, 2026 முதலாம் ஆண்டு. திருவழிபாட்டு ஆண்டு சனவரியில் தொடங்குவதில்லை, கிறிஸ்து பிறப்புக்கு முன்வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே தொடங்குகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. எனவே 2026 நவம்பர் 29 அன்று நாம் இரண்டாம் ஆண்டுக்குள் நுழைகிறோம்.

யோவானுக்கெனத் தனி ஆண்டு இல்லை என்பதால் அவர் குறைவாக வாசிக்கப்படுகிறார் என்று எண்ண வேண்டாம். தவக்காலத்தின் பிற்பகுதியும், உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா காலமும் பெரும்பாலும் அவருடையவை. பெரிய வெள்ளியன்று எந்த ஆண்டிலும் அவர் எழுதிய திருப்பாடுகளே வாசிக்கப்படுகின்றன.

சிந்தனை எழுதுபவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது, வாசகங்கள் ஒன்றோடொன்று எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்பது. சிறப்புக் காலங்களுக்கு வெளியே வரும் பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்திக்கு இசைவாகப் பழைய ஏற்பாட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது. இரண்டாம் வாசகம் அவ்வாறன்று. அது ஒரு திருத்தூதரின் மடலைப் பல வாரங்கள் தொடர்ந்து வாசிக்கும் தனி ஓட்டம். ஆகவே மூன்று வாசகங்களையும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கியே தீருவேன் என்று முயல்பவர், வாசக ஒழுங்கு செய்யாத இணைப்பைத் தாமே செய்து பவுலின் சொற்களை வளைத்துவிடுகிறார். சில ஞாயிறுகளில் மூன்றும் தாமாகவே இணைந்து வருவதுண்டு. மூன்றாம் ஆண்டின் ஐந்தாம் ஞாயிறன்று தூய்மையற்ற உதடுகளைக் கொண்டவன் என்று எசாயா கலங்குகிறார், திருத்தூதருள் கடையவன் நான் என்கிறார் பவுல், தான் பாவி என்று கூறி இயேசுவின் காலில் விழுகிறார் பேதுரு. அத்தகைய நாளில் நன்றியோடு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் இரண்டாம் வாசகத்தை விட்டுவிடுவதோ, அதை மட்டுமே எடுத்துச் சிந்திப்பதோ நேர்மையான வழி. பொதுக்கால வாரநாள்களில் முதல் வாசகமும் நற்செய்தியும்கூடத் தனித்தனி ஓட்டங்களே. அங்கு நற்செய்தி ஆண்டுதோறும் ஒன்றுதான். முதல் வாசகம் மட்டும் ஒற்றைப்படை, இரட்டைப்படை ஆண்டுகளுக்கேற்ப மாறும்.

திருவருகைக் காலம், தவக்காலம், பாஸ்கா காலம் ஆகியவற்றின் ஞாயிறுகளில் நிலைமை வேறு. அங்கே எல்லா வாசகங்களும் அக்காலத்தின் பொருளை முன்வைத்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை. எனவே இணைப்பைத் தேடுவது அங்கு முறையானது, தேவையானதும்கூட.

ஒரு ஞாயிறைக் கொண்டு விளக்கம்

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, முதலாம் ஆண்டு. விடுதலைப் பயணம் 17:3-7, திருப்பாடல் 95, உரோமையர் 5:1-2, 5-8, இயேசு கிணற்றருகே சமாரியப் பெண்ணைச் சந்திக்கும் யோவான் 4:5-42. முதலில் நற்செய்தியை, குறுகிய வடிவம் தரப்பட்டிருந்தாலும் அதைத் தவிர்த்து, முழுமையாக வாசியுங்கள். இயன்றால் வாய்விட்டு வாசியுங்கள். விளக்கவுரை எதையும் இப்போது திறக்க வேண்டாம். உங்களை நிறுத்திய இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது நண்பகல் வேளையாக இருக்கலாம். இன்னொருவருக்கு அப்பெண் விட்டுச்சென்ற குடமாக இருக்கலாம். தண்ணீர் கேட்ட இயேசு தண்ணீர் குடித்ததாக யோவான் எங்கும் எழுதவில்லை என்பது வேறொருவரின் கண்ணில் படலாம்.

அடுத்து முதல் வாசகத்துக்குச் செல்லுங்கள். எல்லாரும் முதலில் காணும் இணைப்பு தண்ணீர்: பாலை நிலத்தில் இஸ்ரயேலருக்காகப் பாறையிலிருந்து பாய்ந்த நீரும் கிறிஸ்து தரும் வாழ்வளிக்கும் நீரும். அது சரியான இணைப்பே, ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். வாசகத்தின் கடைசி வசனத்தை மீண்டும் பாருங்கள். மாசா, மெரிபா என்று அந்த இடம் பெயர் பெற்றது, ஆண்டவர் தங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா என்று மக்கள் அவரைச் சோதித்ததால். தாகத்தில் எழுந்த முறுமுறுப்புக்குள் இருந்த உண்மையான கேள்வி அது. திருப்பாடல் 95 அதே இடத்தின் பெயரைச் சொல்லி, இன்று அவர் குரலைக் கேட்டால் இதயத்தைக் கடினப்படுத்த வேண்டாம் என்கிறது. இனி நற்செய்திக்குத் திரும்புங்கள். மெசியா வருவார், வரும்போது அனைத்தையும் அறிவிப்பார் என்று அப்பெண் சொல்ல, அவரோடு பேசிக்கொண்டிருக்கும் தாமே அவர் என்கிறார் இயேசு. பாலை நிலத்தில் எழுந்த கேள்விக்கு, பயணத்தால் களைத்துக் கிணற்றருகே அமர்ந்திருக்கும் ஒருவர் விடையாகிறார். ஆண்டவர் நம் நடுவில் இருக்கிறார். அதுவும் தாகம் கொண்டவராக இருக்கிறார்.

இந்த ஒன்று கிடைத்துவிட்டால் சிந்தனையின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது. இரண்டாம் வாசகத்தில் தூய ஆவியார் வழியாகக் கடவுளின் அன்பு நம் உள்ளங்களில் பொழியப்பட்டுள்ளது என்னும் வரி இதனோடு இயல்பாக வந்து சேரும். நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக இறந்தார் என்று பவுல் தொடர்வதைப் பார்க்கும்போது, சமாரியப் பெண் தம் வாழ்வைச் சரிசெய்துகொண்டு வரட்டும் என்று இயேசு காத்திருக்கவில்லை என்பதும் துலங்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. அப்பெண்ணின் ஐந்து கணவர்களைப் பற்றி நீண்ட ஒழுக்கப் போதனை எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. அக்கணவர்கள் இறந்தார்களா, அவரைத் தள்ளிவிட்டார்களா என்பது பாடத்தில் இல்லை. இயேசு அவரைக் கண்டிக்கும் சொல்லும் இல்லை. பாடம் பேசாத இடத்தில் நாம் தீர்ப்பிடக் கூடாது என்பதில் நான் மிக உறுதியாக இருக்கிறேன். ஏனெனில் அத்தீர்ப்பைக் கேட்பவர்களுள் காயப்பட்ட பெண்களும் இருப்பார்கள். மாறாக, அப்பெண்ணின் வாயில் இயேசு முதலில் வெறும் யூதராகவும், பிறகு ஐயா என்று மதிக்கத் தக்கவராகவும், அதன்பின் இறைவாக்கினராகவும் வளர்ந்து, இறுதியில் ஊரார் நாவில் உலகின் மீட்பராகிறார் என்பதைப் பின்தொடருங்கள். அதுதான் நற்செய்தியாளர் காட்டும் பாதை.

இப்போது காலத்தைச் சேருங்கள். இந்த நற்செய்தியும், அடுத்த இரு ஞாயிறுகளில் வரும் பிறவியிலேயே பார்வையற்றவரும் (யோவான் 9) இலாசரும் (யோவான் 11), உயிர்ப்புப் பெருவிழாவின் முந்திய இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்குப் பெறவிருப்போரை ஆயத்தப்படுத்தத் தொன்றுதொட்டுப் பயன்பட்டவை. அத்தகையோர் இருக்கும் இடங்களில் மற்ற இரு ஆண்டுகளிலும் இவற்றை வாசிக்கலாம். தண்ணீர், ஒளி, உயிர் என்று மூன்று வாரங்கள் நடக்கும் இந்தப் பயணத்தின் முதற்படியில் நிற்கிறோம் என்று அறிந்தவர், தம் சிந்தனையைத் திருமுழுக்குத் தண்ணீரை நோக்கித் திருப்புவார். நற்கருணை மன்றாட்டின் தொடக்கத்தில் சொல்லப்படும் புகழுரையான அன்றைய தொடக்கவுரையையும் படியுங்கள்: தண்ணீர் கேட்ட இயேசு உண்மையில் அப்பெண்ணின் நம்பிக்கைக்காகவே தாகம் கொண்டார் என்று அது சொல்கிறது. புனித அகுஸ்தினார் யோவான் நற்செய்திக்கு அளித்த விளக்கத்திலும் இதே கருத்து உள்ளது. வாசகங்களுக்கு முன் சொல்லப்படும் திருக்குழும மன்றாட்டும் தொடக்கவுரையும் திருச்சபையே எழுதிவைத்த விளக்கவுரைகள். சிந்தனை எழுதுவோர் பலர் அவற்றைத் திறப்பதே இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

காலந்தோறும் கவனிக்க வேண்டியவை

திருவருகைக் காலம் இரு பகுதிகள் கொண்டது. டிசம்பர் 16 வரை நம் பார்வை ஆண்டவருடைய இறுதி வருகையை நோக்கித் திருப்பப்படுகிறது. 17 முதல் 24 வரையே அவருடைய பிறப்பை நோக்கி நேரடியாகச் செல்கிறோம். முதல் ஞாயிறின் நற்செய்தி விழித்திருங்கள் என்பது. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகள் திருமுழுக்கு யோவானுடையவை. நான்காம் ஞாயிறன்றுதான் ஆண்டுக்கேற்ப யோசேப்பின் கனவோ, மரியாவுக்கு வானதூதர் அறிவித்த செய்தியோ, எலிசபெத்தைச் சந்தித்த நிகழ்வோ வருகிறது. ஆகவே முதல் வாரத்திலேயே மாட்டுத் தொழுவத்தையும் குழந்தையையும் பற்றி எழுதத் தொடங்கிவிட வேண்டாம். உலகத்தின் முடிவைப் பற்றிய கடினமான நற்செய்தியை அச்சமூட்டாமலும் நீர்த்துப்போக விடாமலும் எழுதுவது இக்காலத்தின் பெரிய பணி. அதற்கு அன்றைய இறைவாக்கினர் உதவுவார்: முதலாம் ஆண்டின் முதல் ஞாயிறன்று, வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடித்துக்கொள்ளும் நாடுகளை எசாயா காட்டுகிறார். வரப்போகிறவர் எத்தகைய உலகை நோக்கி வருகிறார் என்பது அங்கே தெரிகிறது.

தவக்காலத்தின் முதல் வாசகங்கள் மீட்பு வரலாற்றின் படிக்கட்டுகள். இரண்டாம் ஆண்டில் அவற்றைத் தொடர்ந்து வாசியுங்கள்: நோவாவோடு செய்த உடன்படிக்கை, ஆபிரகாம் தம் மகனை ஒப்புக்கொடுத்தது, சீனாய் மலையின் பத்துக் கட்டளைகள், நாடுகடத்தலும் திரும்பி வருதலும், எரேமியா முன்னறிவித்த புதிய உடன்படிக்கை. இந்த ஐந்தையும் ஐந்து வாரச் சிந்தனைகளை இணைக்கும் இழையாக வைத்து எழுதினால், தவம் என்பது நாம் கைவிடும் பொருள்களின் பட்டியலாகச் சுருங்காமல், உடன்படிக்கைக்குத் திரும்பும் பயணமாக விரியும்.

திருப்பாடுகளைப் பற்றி எழுதும்போது ஒரு பொறுப்பு உண்டு. யோவான் நற்செய்தி யூதர்கள் என்று குறிப்பிடும் இடங்களைப் படித்துவிட்டு ஓர் இனத்தையே குற்றஞ்சாட்டும் பேச்சு வரலாற்றில் பெரும் தீங்கு விளைவித்திருக்கிறது. அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மீதும், இன்று வாழும் யூதர்மீதும் ஆண்டவருடைய சாவின் பழியைச் சுமத்தக் கூடாது என்று 1965இல் பொதுச்சங்கம் தெளிவாகக் கற்பித்தது. உங்கள் ஒரு சொற்றொடர்கூட அதற்கு மாறாக அமையக் கூடாது.

பாஸ்கா காலம் ஐம்பது நாள். இக்காலத்தில் முதல் வாசகம் திருத்தூதர் பணிகளிலிருந்து வருகிறது. இரண்டாம் வாசகம் ஆண்டு வரிசைப்படி 1 பேதுரு, 1 யோவான், திருவெளிப்பாடு. முதல் மூன்று ஞாயிறுகள் உயிர்த்த ஆண்டவரின் காட்சிகளையும், நான்காவது நல்ல ஆயரையும், அடுத்தவை இரவுணவின்போது இயேசு கூறிய பிரியாவிடை மொழிகளையும் மன்றாட்டையும் நம் முன் வைக்கின்றன. உயிர்ப்பு ஞாயிறுக்குப் பின் வந்த வாரங்களில் எழுதுபவர்களின் சொற்களில் தவக்காலத்தின் தொனியே தொடர்வதைப் பலமுறை காண்கிறோம். பாவம், மனமாற்றம், சிலுவை ஆகியவற்றைப் பற்றி நாற்பது நாள் உழைத்தவர்கள், மகிழ்ச்சியைப் பற்றி ஐம்பது நாள் எழுதச் சோர்ந்துபோகிறார்கள். இக்காலத்தின் கேள்வி, உயிர்த்தவர் இப்போது தம் திருச்சபையில் என்ன செய்கிறார் என்பது. திருத்தூதர் பணிகள் நூலைத் தொடர்ந்து வாசித்தால் அதற்கு விடை கிடைக்கும்.

பொதுக்காலம் 33 அல்லது 34 வாரங்கள் நீளும். இங்கு எழுதுபவருக்கு வேண்டியது தொடர்ச்சியின் நினைவு. மூன்றாம் ஆண்டின் மூன்றாம் ஞாயிறன்று நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எசாயாவின் ஏட்டை வாசிக்கிறார். இன்று இது நிறைவேறிற்று என்ற சொல்லோடு நற்செய்தி நின்றுவிடுகிறது. அதே வசனத்தோடு தொடங்கும் நான்காம் ஞாயிறில்தான் ஊரார் அவரை மலை உச்சியிலிருந்து தள்ளிவிட முயல்கிறார்கள். மூன்றாம் ஞாயிறுக்கு எழுதுபவர் அந்த மோதலை முன்கூட்டியே இழுத்துவரக் கூடாது. அன்றைய முதல் வாசகத்தில் எஸ்ரா திருச்சட்ட நூலை மக்கள் முன் வாசிக்க, மக்கள் அழுகிறார்கள், பின்பு மகிழுமாறு அழைக்கப்படுகிறார்கள். வாசிக்கப்படும் வார்த்தையின் நிறைவே அன்றைய பொருள். பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் ஏற்படுத்தியது இதற்கு மேலும் பொருந்துகிறது.

இரண்டாம் ஆண்டின் 17 முதல் 21 வரையுள்ள ஞாயிறுகள் எழுதுபவரைச் சோதிப்பவை. மாற்கு நற்செய்தி சிறியது என்பதால் அங்கே யோவான் 6ஆம் அதிகாரம் ஐந்து வாரங்கள் வாசிக்கப்படுகிறது. ஐந்து வாரமும் அப்பத்தைப் பற்றியே எழுத வேண்டுமா என்று சலிப்பவர்களுக்கு முதல் வாசகமே வழிகாட்டும். முதல் வாரம் எலிசா இருபது வாற்கோதுமை அப்பங்களால் நூறு பேருக்கு உணவளிக்கிறார். நான்கு நற்செய்தியாளர்களுள் யோவான் மட்டுமே சிறுவனின் அப்பங்கள் வாற்கோதுமையால் ஆனவை என்கிறார். அன்று அந்த ஒற்றுமையைப் பின்தொடருங்கள். இரண்டாம் வாரம் மன்னா. மூன்றாம் வாரம், சாக விரும்பிப் படுத்துவிட்ட எலியாவுக்கு வானதூதர் தரும் உணவு. நான்காம் வாரம் ஞானம் விருந்து ஏற்பாடு செய்து அறியாதோரை அழைக்கிறது. ஐந்தாம் வாரம் யோசுவா மக்களை நோக்கி யாருக்கு ஊழியம் செய்வீர்கள் என்று கேட்க, நற்செய்தியில் பலர் இயேசுவை விட்டு விலகுகிறார்கள், பேதுரு நிலைத்து நிற்கிறார். தேவை, பசி, சோர்வு, அழைப்பு, முடிவு என்று ஐந்து வேறு சிந்தனைகள் இங்கே காத்திருக்கின்றன.

எழுதும் வாரம்

சனிக்கிழமை இரவில் தொடங்கி எழுதப்படும் சிந்தனைக்குச் செபத்தின் சாரம் இருப்பதில்லை. திங்கள் அல்லது செவ்வாயன்றே வாசகங்களை வாசித்துவிடுங்கள். 12ஆம் நூற்றாண்டின் கர்த்தூசியத் துறவி இரண்டாம் குயிகோ வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் இளைப்பாறுதல் என நான்கு படிகளை வகுத்தார். வாரத்தின் முதல் நாள்களை அப்படிகளுக்கே கொடுங்கள். புதன் அல்லது வியாழனன்று, பகுதிக்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும், வாசக ஒழுங்கு இடையில் விட்டுவிட்ட வசனங்களையும் பாருங்கள். அதன்பின் நம்பத்தகுந்த விளக்கவுரை ஒன்றைத் திறந்து, உங்கள் புரிதல் பாடத்துக்கு முரண்படுகிறதா என்று மட்டும் சரிபாருங்கள். இலக்கிய வகையையும், விவிலியம் முழுமையின் ஒருமையையும், திருச்சபையின் உயிருள்ள மரபையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று இறைவெளிப்பாடு பற்றிய பொதுச்சங்க ஏட்டின் 12ஆம் எண் கேட்பது இதைத்தான்.

எழுதும்போது ஒரே கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முந்நூறு முதல் ஐந்நூறு சொற்கள் போதும். கடவுள் அன்றைய வாசகத்தில் என்ன செய்கிறார் என்பதை முதலில் எழுதுங்கள். நாம் செய்ய வேண்டியது அதிலிருந்து பிறக்கட்டும். பெரும்பாலான சிந்தனைகள் இதைத் தலைகீழாக்கி, நாமும் அவ்வாறு இருக்க வேண்டும், நாமும் இவ்வாறு மாற வேண்டும் என்று கட்டளைகளை அடுக்குகின்றன. அவற்றைக் கேட்கும் நல்ல மனிதர் களைப்படைகிறார். நற்செய்தி அவருக்கு நல்ல செய்தியாகக் கேட்பதில்லை. வேறு யாரோ எழுதிய கதையை எடுத்துவந்து சேர்ப்பதைவிட, வாசகத்திலேயே உள்ள ஒரு சிறு செயலை விரித்து எழுதுவது எப்போதும் ஆழமானது. முடித்த பிறகு அதை, முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலின் பல்லவியோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். பல்லவியோடு அது சற்றும் ஒத்துப்போகவில்லையெனில், அந்நாளின் ஓட்டத்திலிருந்து எங்கோ விலகிவிட்டீர்கள் என்று பொருள்.

எழுதியவற்றை நாள் தேதியால் அல்லாமல் காலம், ஞாயிறு, ஆண்டு என்ற வரிசையில் கோப்பில் வையுங்கள். மூன்றாண்டுகள் கழித்து அதே வாசகங்கள் திரும்பி வரும்போது பழைய தாளை உடனே எடுக்காமல், மேலே சொன்ன வரிசையில் மீண்டும் வாசித்துப் புதிதாகக் குறிப்பெடுங்கள். அதன்பின் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பழையதில் இன்னும் உண்மையாக நிற்பதை மட்டும் புதியதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.